எஸ்பெரான்ஸ் அக்காவின் கிலேகா

பஞ்சு அடைக்கும் அறையில் காற்றே வெள்ளையாக இருக்கும். மூச்சை இழுத்தால் தொண்டையில் மயிர் சிக்கியதுபோல அரிக்கும் என்பதால், பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில் இருந்த அந்தத் தலையணைத் தொழிற்சாலையில் நாங்கள் எல்லோரும் வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் வேலை செய்தோம். இரண்டாயிரத்தின் முதல் வருடங்கள் அவை. எனக்குப் பத்தொன்பது வயது. மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோய், பிறகு இங்கே சித்தப்பாவிடம் வந்து சேர்ந்தவன் நான். யாருடனும் கதைக்கக் கூசுகிற எனக்கு அந்தத் துணி வசதியாகவே இருந்தது.

எனக்கு எதிரே நின்று உறை தைத்த பஸ்கால் கொங்கோ நாட்டவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை “அண்ணை” என்று கூப்பிட, அதன் பொருளைக் கேட்டறிந்த பிறகும் அவர் என்னை “அண்ணை” என்றே கூப்பிட்டார். சாப்பாட்டு நேரங்களில் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரெஞ்சு வரப் பண்ணியவரும் அவர்தான்.

அவருடைய மொழிக்குக் கிலேகா என்று பெயர். அதைப் பேசுகிற ஒருவர் முலேகா, பலர் என்றால் பாலேகா. பெயரின் தலையை மட்டும் மாற்றினால் போதும், பாண்டு மொழிகளில் பெரும்பாலும் அப்படித்தான் என்றார். அட்டைப்பெட்டியில் வெண்கட்டியால் கோடு கீறி, கிழக்கே மலைப்பக்கம் தன்னுடைய முவெங்கா, மேற்கே அடர்காட்டுப் பக்கம் ஷபுண்டா, இரண்டுக்கும் பேச்சு வேறு என்று காட்டினார். சந்தைக்குச் சுவாகிலி, அரசாங்கக் கந்தோருக்குப் பிரெஞ்சு, வீட்டுக்குள்ளே கிலேகா. ஷபுண்டாக்காரர் வாய்க்குள் மழை பெய்கிறமாதிரிக் கதைப்பார்கள் என்று சிரிப்பார். முவெங்காக்காரர் ஆடு விற்கிற அவசரத்தில் கதைக்கிறார்கள் என்று அவர்கள் நக்கலடிப்பார்களாம்.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய அக்கா எஸ்பெரான்ஸ் அகதியாக வந்து சேர்ந்தார். கணவரைச் சண்டையில் பறிகொடுத்தவர். நாலு வயது மகள் நேமாவைப் பக்கத்து நாட்டுப் புஜும்புராவில் ஓர் அயல்வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே அகதி வழக்கு வென்றால் மகளைக் கூப்பிடலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சென்ட் மிஷேலில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போவேன். அக்கா தெப்பனர் என்கிற மூலைக்கடையில் வாங்கிய தொலைபேசி அட்டையைச் சுரண்டி மகளோடு கதைப்பார். கை, கால், மழை, நெருப்பு என்று ஒவ்வொரு சொல்லாகக் கிலேகாவில் சொல்லி, பிள்ளை திருப்பிச் சொல்லும்வரை காத்திருப்பார். அட்டையில் காசு முடியும்வரை அது நடக்கும்.

விசாரணைக்குக் கிலேகா மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அக்கா எழுதிக் கொடுத்தார். கணவருக்கு நடந்ததைச் சந்தைப் பேச்சான சுவாகிலியில் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. தேடிப் பிடித்து ஒருவரை ஒழுங்கு செய்தார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், ஷபுண்டாக்காரர். பஸ்கால் பயந்துபோய், நீயும் இதைத் தாண்டி வந்தவன்தானே, என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டார்.

யாரும் என்னிடம் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. என்னுடைய விசாரணையில் மொழிபெயர்த்தவர் சென்னைக்காரர். அவர் கதைத்ததில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆனால் முதல் நாளே சித்தப்பா சொல்லியிருந்தார்: “கேக்கிறதுக்கெல்லாம் ஓம் எண்டு சொல்லு. விளங்கேல்லை எண்டால் கதையை மாத்தப் பாக்கிறாய் எண்டு நினைப்பாங்கள்.” நான் ஓம் சொன்னேன், என்னை ஏற்றுக்கொண்டார்கள். அது அதிர்ஷ்டம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. சித்தப்பா சொன்னதை அப்படியே பஸ்காலிடம் சொன்னேன்.

விசாரணையில் முதலாவது கேள்வியே, மொழிபெயர்ப்பாளர் பேசுவது விளங்குகிறதா என்பதுதான். அக்கா ஓம் என்றார். பனிக்குள் மூன்று பஸ் மாறி, கோட்டும் டையுமாக வந்திருந்த அந்தப் பெரியவரும் விளங்குகிறது என்றார். கேள்விகள் பாதியாகப் போய்ப் பதில்கள் பாதியாக வந்தன. அக்கா எழுதிக் கொடுத்ததும் வாயால் சொன்னதும் பொருந்தவில்லை, வழக்கு தள்ளுபடி என்று இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது.

உடுப்பு மாற்றும் அறையில், வாயில் கட்டிய துணியை அவிழ்க்காமலே பஸ்கால் அதை எனக்கு வாசித்துக் காட்டினார். ஓம் சொன்னது ஏன் என்று அக்காவிடம் கேட்டாராம். பஸ்கால் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் பேச்சில் எழுதுகிறேன்: “அந்தாள் எங்கட அப்பான்ரை வயசு. நீங்கள் கதைக்கிறது விளங்கேல்லை எண்டு வெள்ளைக்காரருக்கு முன்னாலை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேக்கிறா. பேந்து, தமிழ்ப் பெடியனும் அப்பிடித்தானே சொல்லச் சொன்னவன் எண்டு சொல்லுறா.” அவர் குரலில் கோபம் இல்லை. மன்னிப்புக் கேட்கிற பிரெஞ்சு எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை.

கொங்கோவுக்கு ஆட்களைத் திருப்பி அனுப்புவதை அப்போது நிறுத்தி வைத்திருந்தார்கள். அதனால் அக்கா இங்கேயே இருக்கலாம். மகளைத்தான் கூப்பிட முடியாது. அடுத்த வருடம் அயல்வீட்டுக்காரி பிள்ளையோடு தன்சானியா முகாமுக்குப் போக, தொலைபேசியும் நின்றுபோனது. வேறு விண்ணப்பம் போட்டு, பிள்ளையைத் தேடிப் பிடித்து, கூப்பிட்டு எடுக்கப் பன்னிரண்டு வருடம் ஆயிற்று.

விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தாள் நேமா. அக்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிலேகாவில் நிறுத்தாமல் கதைத்தார். அத்தனை வருடமும் சேர்த்து வைத்ததைக் கதைத்திருக்க வேண்டும். நேமா தாயின் தோளுக்கு மேலால், என்ன சொல்கிறா என்று மாமன் பஸ்காலைச் சுவாகிலியில் கேட்டாள்.

அந்தத் தொழிற்சாலை இப்போது ஏதோ களஞ்சியசாலை. பஸ்கால் வேலை தேடி மேற்கே போய்விட்டார். அக்கா கிலேகாவில் கதைக்க இந்தப் பக்கத்தில் ஒருவரும் இல்லை. சந்தைப் பேச்சு வீட்டுக்குள் வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். நேமாவுக்கும் பள்ளிக்கூடத்தில் பழகிய பிரெஞ்சு பிடித்துப்போக, இப்போது தாயும் மகளும் பிரெஞ்சில்தான் கதைக்கிறார்கள். அக்காவின் பிரெஞ்சு என்னுடையதைவிட மோசம். அதனால் அவர்கள் கொஞ்சமாகத்தான் கதைக்கிறார்கள்.