பூசாவலில் தேடிய குழந்தை

செகந்தராபாத்தை ஒட்டிய பேகம்பேட்டில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் செத்துப்போன வெள்ளைக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தோம். என்ன வேலை என்று கேட்பவர்களிடம் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்று சொல்லிவிடுவேன். ஊரே ஐடி ஐடி என்று பறந்த காலம் அது. அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். இந்தியாவில் பிறந்து, மணமுடித்து, மாண்டுபோன தாத்தா பாட்டிகளின் பதிவு வேண்டும் என்று இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சல் வரும். அந்தக் காலத்துத் தேவாலயப் பதிவுகளின் படங்கள் எங்கள் திரையில் இருக்கும். மதராஸ், பம்பாய், வங்காளம் என்று மாகாணத்துக்கு ஒரு கட்டு. ஒவ்வொன்றிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம். அந்தக் கிறுக்கல்களைப் பார்த்தால் பாதிரிமார்களும் என்னைப் போலவே அலுத்துப்போய்த்தான் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றும்.

குகட்பள்ளியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பு வலி தொடங்கிவிடும். மத்தியானத்துக்குள் கண் எரியும். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகளுக்கு என்னிடம் தெலுங்கில் சண்டை போட ஏதாவது இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் அந்த அம்மையாரின் மின்னஞ்சல் வந்தது. எண்பது தாண்டியவர். அவர் பிறப்பதற்கு முன்பு அவருடைய பெற்றோர் இந்தியாவில் இருந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு செகந்தராபாத்தில் பட்டாளத்து வேலை. அம்மா, பூசாவலில் இருந்த ரயில்வே கார்டு ஒருவரின் மகள். அவர்களுக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து இறந்துபோனது. அம்மா அதைப் பற்றி வாயே திறந்ததில்லை; அத்தை ஒருத்தி பின்னாளில் சொல்லித்தான் இவருக்கே தெரியும். “அம்மாவின் கல்லறையில் அந்தக் குழந்தையின் பெயரையும் பொறிக்க ஆசைப்படுகிறேன். நான் கண்ணை மூடுவதற்குள் பெயரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா?” என்று கேட்டிருந்தார்.

நான் நேராக பம்பாய்க் கட்டைத் திறந்தேன். பூசாவல் அதில்தான் வரும். யோசிக்கவே ஒன்றுமில்லை. ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு என்னைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனது போலத்தானே அந்தப் பெண்ணையும் அவள் அம்மா கூட்டிப்போயிருப்பாள்? பூசாவலில் இல்லை. அடுத்தடுத்த ரயில்வே ஊர்களிலும் இல்லை. வாரக்கணக்கில் தேடினேன். ‘இன்னும் தேடுகிறோம்’ என்று எழுதுவேன். ‘நன்றி, காத்திருக்கிறேன்’ என்று பதில் வரும். அந்தப் பொறுமை எனக்கு எரிச்சலாக இருந்தது. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்கள் பிரிவைப் பார்த்துக்கொண்ட அக்கா தமிழர்தான். ஆனால் செகந்தராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவர். ‘ஏன்’ என்பதற்குக் ‘கைக்கு’, ‘ஆமாம்’ என்பதற்கு ‘ஹவ்’, ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்று அந்த ஊர் உருது அவர் தமிழில் கலந்துகிடக்கும். ஒருநாள் என் திரையை எட்டிப் பார்த்தார்.

“பட்டாளத்துக்காரன் பிள்ளைய பூசாவல்ல கைக்குத் தேடுற?”

“தலைப்பிரசவம்லாக்கா. அம்மா வீட்லதான நடந்திருக்கும்?”

“ஹவ், நமக்கு. அவங்களுக்கு ஏது அதெல்லாம்? புருஷன் எங்கயோ பொண்டாட்டியும் அங்கதான். பூசாவல் நக்கோ. இங்கயே தேடு.”

செகந்தராபாத் பதிவுகள் மதராஸ் கட்டில் இருந்தன. மறுநாள் மத்தியானமே கிடைத்துவிட்டது. திருமலகிரியில், எங்கள் அலுவலகத்திலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில், அந்தக் குழந்தைக்கு ஒரே நாளில் ஞானஸ்நானமும் அடக்கமும் நடந்திருந்தன. பெற்றோர் பெயர் சரி, பட்டாளமும் சரி. குழந்தையின் பெயரைப் படித்ததும் வேறு ஏதோ பக்கத்தைத் திறந்துவிட்டேன் என்று நினைத்தேன். எனக்கு எழுதிக்கொண்டிருந்த அம்மையாரின் பெயரேதான் அது. ஆனால் அவர் பிறந்தது சில வருஷங்கள் கழித்து, இங்கிலாந்தில்.

“இத எப்படிக்கா அனுப்புறது?” என்று கேட்டேன்.

“கேட்டாங்க, கிடைச்சுது, அனுப்பு. பேரு நாமளா வச்சோம்?” என்றார் அக்கா.

அனுப்பினேன். வழக்கமாக உடனே நன்றி சொல்கிறவரிடமிருந்து பதிலே இல்லை. வயதானவரை இப்படிப் போட்டு உலுக்கிவிட்டோமே என்று பயமாக இருந்தது. செத்தவர்களைத் தேடித்தேடி எனக்கு ஏற்கெனவே வெறுத்துப்போயிருந்தது. வேறு வேலை பார்க்கலாமா என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன்.

பதில் வந்தபோது மழையெல்லாம் ஓய்ந்திருந்தது. கல்லில் பெயரைப் பொறித்தாகிவிட்டது என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இருந்ததைப் படித்து, பக்கத்தில் ஆட்கள் இருப்பதையும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

“என் பெயர் அப்பா வைத்தது. அம்மா ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை முன்னால்கூட ‘குட்டி’ என்பாள். என்னை அவளுக்குப் பிடிக்கவில்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.”