தலை போன தளபதி

தடா ஊரில் என் அண்ணனைக் கழுத்தில் வெட்டிக் கொன்றவன் ஜாமீனில் வெளியே வந்திருந்தான். அந்த வாரம், திருப்பதியில் நான் பைண்டிங் செய்த கடையில் ஒருவர் வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றில் பிழை திருத்திக்கொண்டிருந்தார். ராஜாவாகவும் அரக்கனாகவும் வேடமேற்று ஆடும் விளையாட்டுக்கான புத்தகம் அது. யாராவது சாகும் பக்கம் வந்தால் சிவப்புப் பேனாவைத் தன் கழுத்தில் இழுத்துப் பார்ப்பார். கழுத்தெல்லாம் கோடு.

"இங்க தளபதி தலைய சீவிட்டானுங்க. பின்னாடி பக்கத்துல அவனே குதிரைல வந்து எதிரிங்கள வெட்டிக்கினு கீறான்," என்று சிரித்தார்.

"செத்தத எடுத்துடு சார்," என்றேன்.

"சண்டையே அதாலதான்பா. குதிரைல வந்தவன் அவன் தம்பின்னு போட்டுட்டா சரியாப்பூடும்."

தைத்துக்கொண்டிருந்த ஊசியைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தம்பி பழி தீர்ப்பானா சார்?"

"அத புக்ல எழுத மாட்டாங்க. ஆடறவன் கையில கீது."

என் கதை தெரிந்துதான் சொன்னாரா, என்னை ஏவினாரா, தடுத்தாரா, இன்னும் எனக்குப் புரியவில்லை.