பூட்டின டிஸ்க்கும் றீற்றா சொன்ன ஓமும்

கொம்பியூட்டர் திருத்துறவனைச் சனம் டாக்குத்தரைப் போல, உயிர் போற நேரத்திலதான் தேடும். இந்தத் தொழிலில அகப்பட்ட உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில மட்டக்களப்பு டவுனில, இடம்பெயர்ந்த சனத்துக்கு உதவுற ஒரு அலுவலகத்தில நான் அந்த வேலை பார்த்தன்.

ஒரே லாச்சி

வாகரையால வந்த சனம் கையில மிஞ்சின பத்திரங்களைக் கொண்டு வந்து தரும், நாங்க ஸ்கான் பண்ணி வைப்பம். ஆர் வந்து தூக்கிக்கொண்டு போனாலும் வாசிக்கேலாதபடி டிஸ்க்கை முழுக்கப் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினன். அதைப் போலவே இன்னொண்டும் எடுத்து, வேற கட்டடத்தில வையுங்க எண்டு எங்கட பொறுப்பதிகாரி அருள்தாஸ் சேரிட்டக் குடுத்தன்.

பிறகு பார்த்தா ரெண்டும் அவர்ட மேசை லாச்சிக்குள்ள, ஒரே றப்பர் பாண்டில. கேட்டதுக்கு, "ரெண்டும் ஒரு இடத்தில இரிந்தாத்தானே தம்பி தேடுறது லேசு" எண்டார்.

கேட்டால் ஓம்

முகாமில இருந்த பூமணியக்காட புருசன் ஓடி வரேக்க அடையாள அட்டையைத் துலைச்சிட்டார். பிறப்புப் பத்திரமும் பிறகு மழைத் தண்ணியில கரைஞ்சு போச்சு. எங்களிட்ட இருந்த ஸ்கான்தான் மிச்சம். அட்டை இல்லாத ஆம்பிளை ரோட்டில இறங்கேலாத காலம் அது. புது அட்டை எடுக்க, அக்கா பிரதி கேட்டு வந்து நிண்டா.

எங்கட கிளாக் றீற்றா டிஸ்க்கை மெஷினில கொழுவினா. பூட்டின டிஸ்க் மெஷினுக்கு வெறும் டிஸ்க்காத்தான் தெரியும். அழிச்சு ஃபோர்மட் பண்ணவா எண்டு அது இங்கிலீசில கேட்டிருக்கு, இவ ஓம் எண்டு அமத்தியிருக்கா. திறபடேல்ல எண்டு மற்றதையும் கொழுவி, அதுக்கும் ஓம். தேத்தண்ணி குடிச்சிட்டு வந்த நான் ஓடிப் போய் வயரைப் பிடுங்கினன். வாசிக்காம ஏன் அமத்தின எண்டு கத்தினன். "செக் பொயின்டில என்ன கேட்டாலும் ஓம் எண்டுதானே சொல்லுறம் அண்ணன், இல்லையெண்டு சொல்லி ஆர் தப்பின?" எண்டா.

பாலத்தடி

பூட்டின டிஸ்க்கின்ட தொடக்கத்தில ஒரு சின்னத் துண்டு இருக்கு, பூட்டுக்குச் சாவி மாதிரி, திறப்பு அதுக்குள்ளதான். ஃபோர்மட் அதைத்தான் முதல்ல அழிக்கும், அழிஞ்சா பாஸ்வேர்ட் தெரிஞ்சும் பிரயோசனம் இல்லை. நல்லகாலம், அந்தத் துண்டை மட்டும் ஒரு சீடியில பதிஞ்சு கல்லடியில என்ட வீட்ட வைச்சிருந்தன். சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தன்.

திரும்பி வரேக்க பாலத்தடியில ஆமிக்காரன் மறிச்சு, சீடியைப் பார்த்து, படமா எண்டு கேட்டான். இல்லையெண்டா நம்புறானில்லை. உள்ள கொண்டு போய் படம் பார்க்கிற டெக்கில போட்டுப் பார்த்தான். கீறல் விழுந்தா ஒரு குடும்பத்தின்ட கதை முடிஞ்சுது எண்டு நான் வேர்த்து ஒழுகிக்கொண்டு நிண்டன். கடைசியில என்னைப் பாவம் பார்த்துத் திருப்பித் தந்தான். "மல்லி, தம்பி, கடைக்காரன் ஏமாத்தினது, படம் இல்லாத சீடி குடுத்தது" எண்டான்.

பூமணியக்காட கேள்வி

துண்டைத் திருப்பி எழுதின உடன டிஸ்க் திறந்துது. ஆனா ஃபோர்மட் தின்னது தின்னதுதான், கொஞ்சம் போயிட்டு. ஒவ்வொண்டாத் திறந்து பார்த்தன். ஆற்றயோ காணி உறுதி, ஆற்றயோ கலியாணப் போட்டோ. அக்கா கதிரையில இருக்காம எனக்குப் பின்னால நிண்டா. புருசன்ட பேர் வந்ததும் முந்தானையால வாயைப் பொத்திக்கொண்டு அழுதா.

பிரதியைக் கையில குடுத்து, இனிப் பயப்பிடாதீங்க, வெளியாக்கள் ஒருத்தராலயும் இதைத் திறக்கேலாது எண்டு கொஞ்சம் பெருமையாச் சொன்னன். அக்கா கண்ணைத் துடைச்சிட்டு என்னையும் றீற்றாவையும் சேரையும் மாறி மாறிப் பார்த்தா. "வெளியாக்களிட்ட இரிந்து காப்பாத்தினது சரி மனே, உங்க மூண்டு பேரிட்ட இரிந்து ஆர் காப்பாத்துற?"

அந்தச் சண்டைக்குள்ள எங்கட டிஸ்க்குக்கு வந்த ஆபத்தெல்லாம், எங்க மூண்டு பேர்ட உருவத்தில, மாசம் முடிய வரிசையில நிண்டு சம்பளமும் எடுத்ததுதான் எங்கட பாதுகாப்பின்ட லட்சணம்.