ஷாங்காயில் கம்பி விலகிய பஸ்

2007ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நானும் மனைவியும் லண்டனிலிருந்து சீனாவுக்குச் சுற்றுலா போனோம். லூயிஷாம் கோயிலில் பழக்கமானவர்கள் சேர்ந்து ஏற்பாடு செய்த பயணம். மொத்தம் பதினெட்டுப் பேர். எல்லோரும் நம்மவர்கள்தான் என்றாலும் டொக்டர், கணக்காளர், பெட்ரோல் நிலைய முதலாளி என்று வசதியான ஆட்கள். அவர்களுக்கு நடுவில், கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வந்த நான் ஒருவன்தான் பஸ் ஓட்டுபவன்.

அதை நான் சொல்லவில்லை. விமானத்தில் பக்கத்தில் இருந்த கணக்காளர், "அண்ணை, என்ன வேலை செய்யிறியள்?" என்று சும்மா கேட்டார். "கவுன்சிலிலை, போக்குவரத்துப் பகுதியிலை" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஊரில் கணித ஆசிரியராக இருந்தவன் நான். லண்டனில் பதினொரு வருடம் ஸ்டியரிங் பிடித்த பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை. மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஷாங்காய் வந்து சேரும்வரை முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வாய் பொய் சொன்னாலும் கண் கேட்கவேண்டுமே. எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது பஸ்ஸைத்தான். எங்கள் ஹோட்டலுக்கு எதிரே ஒரு பஸ்ஸின் கடைசித் தரிப்பிடம் இருந்தது. மற்றவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு இறங்க, நான் ஜன்னலில் நின்று ஓட்டுநர்கள் அந்தச் சின்ன இடத்துக்குள் பஸ்ஸைத் திருப்பும் அழகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அதன் நம்பர் மனதில் பதிந்துவிட்டது.

கடைசி நாள் காலை ஆற்றங்கரைக்குப் போனோம். எதிர்க்கரையில் அண்ணாந்து பார்க்கவைக்கும் புதுக் கட்டடங்கள். இந்தக் கரையில் லண்டன் வங்கிகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து வைத்ததுபோல் பழைய கல் கட்டடங்கள். எல்லோரும் படம் எடுக்க, நான் பின்தெருவுக்கு நழுவினேன். மேலே மின்கம்பியைத் தொட்டபடி ஓடும் பஸ் ஒன்று அங்கே நடுச் சந்தியில் நின்றுபோயிருந்தது. கூரையில் உள்ள இரண்டு நீளத் தடிகளில் ஒன்று கம்பியை விட்டு விலகிவிட்டது. என் வயதுள்ள ஓட்டுநர் இறங்கி வந்து, கயிற்றைப் பிடித்து இழுத்து, அதைத் திரும்ப மாட்டப் பார்க்கிறார். வாகனங்கள் ஹாரன் அடித்தபடி அவரை உரசிக்கொண்டு போகின்றன.

நான் யோசிக்கவில்லை. அவருக்குப் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் விரித்து வாகனங்களை மறித்தேன். நல்ல ஏச்சு விழுந்தது. சீன மொழி என்பதால் வலிக்கவில்லை. தடி மாட்டுப்பட்டதும் ஓட்டுநர் வந்து என் தோளில் தட்டினார். சந்தோஷமாக ஆற்றங்கரைக்குத் திரும்பினால் எங்கள் ஆட்களில் ஒருவரையும் காணோம். நான் முதலே ஹோட்டலுக்குத் திரும்பிவிட்டேன் என்று நினைத்துப் போய்விட்டார்களாம், பிறகுதான் தெரிந்தது.

ஹோட்டல் அட்டை, கடவுச்சீட்டு எல்லாம் மனைவியின் கைப்பையில். என் போன் அங்கே வேலை செய்யவில்லை. ஒன்றரை மணிக்கு எல்லோரும் ரயில் நிலையத்துக்குக் கிளம்பவேண்டும். நான் வராமல் அவள் ஹோட்டலை விட்டு ஓர் அடி நகரமாட்டாள். பின்தெருவுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், நல்லகாலம், அந்த பஸ் சந்தி தாண்டித் தரிப்பிடத்தில் ஆள் ஏற்றிக்கொண்டு இன்னும் நின்றது. பர்ஸைத் துழாவி, அதுவரை அந்தக் குழுவில் யாருக்கும் காட்டாத என் ஓட்டுநர் அட்டையை எடுத்து நீட்டினேன். அதில் என் படமும் ஒரு சிவப்பு பஸ்ஸும் இருக்கும்.

அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் ஸ்டியரிங் சுற்றிக் காட்டினார். நான் தலையாட்டினேன். மனிதருக்கு முகமெல்லாம் சிரிப்பு. கண்டக்டர் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுக்க, அவர் பஸ்ஸில் இருந்த அத்தனை பேருக்கும் அதைக் காட்டினார். ஹோட்டலுக்கு எதிரே பார்த்த பஸ்ஸின் நம்பரை உள்ளங்கையில் எழுதிக் காட்டினேன். முன் இருக்கையில் என்னை இருத்தி, ஏழெட்டுத் தரிப்பிடம் தாண்டி, அந்த நம்பர் பஸ் வந்ததும் அதன் ஓட்டுநரிடம் கையோடு ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்கள்.

ஹோட்டல் வாசலில் பதினேழு பேரும் பெட்டிகளோடு நின்றார்கள். மனைவியின் கண் சிவந்திருந்தது. என்னோடு இறங்கி வந்த அந்த இரண்டாவது ஓட்டுநர் எல்லோருக்கும் முன்னால் என்னைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டி, ஸ்டியரிங் சுற்றினார்.

"உவர் என்ன சொல்லுறார் அண்ணை?" என்று கேட்டார் கணக்காளர்.

ஒரு சமாளிப்பு நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அந்த மனிதரின் கை என் தோளில் இருந்தது. "நானும் தன்னைப்போல பஸ் ஓடுறவன் எண்டு சொல்லுறார். உண்மைதான். வால்தம்ஸ்டோ பக்கம் ஓடுறன். கவுன்சில் எண்டு சொன்னது பொய்."

மனைவிதான் முன்னுக்கு வந்தாள். "பதினொரு வருஷமா ஓடுறார். இண்டுவரைக்கும் ஒரு ஆளிலை ஒரு கீறல் விழேல்லை." பிள்ளையின் பரீட்சை முடிவைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

கணக்காளர் என் ஓட்டுநர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "டபுள் டெக்கரோ அண்ணை? அவ்வளவு பெரிய பஸ்ஸை அந்தச் சின்ன ஒழுங்கைகளுக்குள்ளை எப்பிடித் திருப்புறியள்?" என்றார். ரயிலில் அன்று முழுக்க இதே கதைதான். டொக்டர்கூட இடம் மாறி வந்திருந்து கேட்டார்.

என் வேலைக்கு நானே கொடுக்காத மரியாதையை மொழி தெரியாத ஊரில் இரண்டு பேர் கொடுத்தார்கள். அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது, ஆனாலும் அவர்களால்தான் இன்று யார் கேட்டாலும் 'பஸ் ஓடுறன்' என்று வாய் நிறையச் சொல்கிறேன்.