முளைக்காத அகத்தி

பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு சேரன்மகாதேவியில் குத்தகைக்கு வயல் எடுத்தேன். வெற்றிலைக் கொடிக்கால்தான் இனிப் பிழைப்பு என்று நினைப்பு. கொடிக்காலில் வெற்றிலைக்கு முன்னால் அகத்தி வர வேண்டும். கொடி பற்றி ஏறுவது அதன் மேல்தான், நிழலும் அதுதான்; வேரில் முண்டு முண்டாகக் கட்டி மண்ணுக்கு உரம் ஊட்டுவதும் அதுவே. அகத்தி தவறினால் அந்த வருசத்துக் கொடிக்கால் போச்சு.

களக்காட்டில் அக்கா இருக்கும்போது விதைக்குக் கடையேறுவானேன்? அவளும் அத்தானும் பல வருசமாகக் கொடிக்கால் வைத்திருப்பவர்கள். துணிப்பை நிறையக் கொடுத்தாள். ஒரு பிடி விதையை ஈரத்துணியில் கட்டி வைத்தால் சில நாளில் முளைப்பு தெரிந்துவிடும், அது எனக்கும் தெரியும். ஆனால் கூடப்பிறந்தவள் தந்ததைச் சோதித்துப் பார்க்கிறவன் மனுசனா? அப்படியே ஊன்றினேன்.

முளைக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தலைகாட்டியவையும் சோகை பிடித்து நின்றன. யோசனை சொல்லவா ஊரில் ஆள் பஞ்சம்?

"ஆழமா ஊனிட்டீரோவே?" என்றார் பக்கத்து வயல் அண்ணாச்சி.

தண்ணீர் தேங்கியிருக்கும் என்றார் இன்னொருவர். எறும்பு, காக்கை, இறுகின மண் என்று எல்லாப் பழியையும் நானே சுமந்தேன். கிளறி எடுத்த விதை விரலில் கூழாக நசுங்கியது. அப்போதும் என் கையைத்தான் திட்டிக்கொண்டேன். எனக்கென்று நடவுக்கு வெற்றிலைக்கொடி ஒதுக்கி வைத்திருந்த அண்ணாச்சியும் பொறுத்துப் பார்த்துவிட்டு வேறு ஆளுக்கு வெட்டிக் கொடுத்துவிட்டார்.

மனசு கேட்காமல் களக்காட்டுக்குப் போனேன். அக்கா வயலில் அகத்தி இடுப்பளவு நின்றது.

"ரெண்டும் ஒரே விதைதானக்கா. எனக்குத்தான் கைராசி இல்ல போல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "ஒம்மேல தப்பில்லலே. ஒனக்குத் தந்தது பழைய விதை. புதுசு எங்களுக்கே பத்தல."

"மொளைக்காதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஈரத்துணியில கெட்டிப் பாத்தேன். ஒண்ணு ரெண்டுதான் மொளைச்சுது."

அத்தான் செய்திருந்தால் அயல் வீட்டு ஆள் என்று விட்டிருப்பேன். இவள் என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

"இல்லன்னு சொல்லியிருக்கலாம்லாக்கா?"

"கேட்டு வந்த தம்பிய வெறுங்கையோட எப்படிலே அனுப்ப?"

வெறுங்கையோடு அனுப்பியிருந்தால் டவுணில் விதை வாங்கியிருப்பேன். இந்நேரம் எனக்கும் ஒரு கொடிக்கால் இருந்திருக்கும்.