மதலேனாள் யாருடைய வள்ளம்?

கம்பஸ் பிள்ளைகள் எல்லோரும் ஜெனீற்றா அக்காவை ஓர் ஆண் என்றுதான் நினைத்திருந்தார்கள். கனடாவில் இருப்பவர், தலை நரைத்தவர், ஒரு காலத்தில் வாத்தியாராக இருந்தவர் என்று தங்களுக்குள் முடிவு கட்டி, 'மட்டண்ணை' என்று பெயரும் வைத்திருந்தார்கள். மட்டுறுத்துநர் என்ற நீளப் பெயரை அவர்கள் அப்படிச் சுருக்கிவிட்டார்கள். மட்டண்ணையோ ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில், போனும் இணையமும் வைத்திருந்த தன் கொமினிக்கேசன் கடையின் பலகைத் தட்டிக்குப் பின்னால், பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு, ஒரு கையால் அவர்கள் எழுதியதைத் திருத்திக்கொண்டிருப்பார்.

சமாதான காலம் அது. போர் நின்று, தெற்குக்குப் போகும் பாதை திறந்திருந்தது. எங்கள் தீவுகளில் இருந்து ஒவ்வொரு வருடமும் கொஞ்சப் பிள்ளைகள் யாழ்ப்பாணம், பேராதனை, மட்டக்களப்பு, கொழும்பு என்று பல்கலைக்கழகங்களுக்குப் படிக்கப் போனார்கள். போன இடத்தில் தனித்துப்போனார்கள். அவர்களுக்காக அக்கா இணையத்தில் ஒரு கருத்துக்களம் தொடங்கினார். சோளகம் என்று பெயர், தெற்கிலிருந்து எங்கள் கடலில் வீசும் காற்றின் பெயர். களம் என்பதை ஒரு பெரிய மதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் வந்து எழுதலாம். எழுதியவரின் முகம் மற்றவர்களுக்குத் தெரியாது; சேரும்போது கொடுக்கும் சொந்தப் பெயர் மட்டுறுத்துநருக்கு மட்டும் தெரியும். ஆனால் எழுதியது மதிலில் தெரிவதற்கு முன் ஒருவர் வாசித்துச் சம்மதிக்க வேண்டும். அந்த ஒருவர்தான் அக்கா.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். புளியங்கூடலில் இருந்து சைக்கிளில் வந்து அந்தக் கடையில் போட்டோக்கொப்பி எடுப்பேன், கூட்டுவேன், ஜெனறேற்றருக்கு எண்ணெய் விடுவேன். வருகிற ஆட்களோடு கதைக்க எனக்கு வாய் வராது. கொப்பி மெசினோடு நின்றபடி பார்த்துக்கொண்டிருப்பேன். இணைப்புக் கிடைப்பதற்கு முன் போன் போடும் கீச்சுச் சத்தம் இன்றைக்கும் எனக்கு நினைவில் இருக்கிறது. அது அடங்கியதும் அக்காவின் முகம் மாறிவிடும். யாரோ வீட்டுக்கு வந்திருப்பதுபோல் நிமிர்ந்து உட்காருவார்.

அக்காவும் கம்பஸுக்கு எடுபட்டவர்தான். தொண்ணூற்றாறில் கடிதம் வந்தபோது குடும்பம் இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்தது. தாய்க்குச் சுகமில்லை. போகவில்லை. இதைப்பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே ஒரு தடவை, அதுவும் பிறின்ரருக்குத் தாள் வைத்துக்கொண்டே.

அவர் வேலை செய்யும் விதம் தனி. கெட்ட வார்த்தைகளை எடுப்பது சின்ன வேலை. ஆளைக் காட்டிக்கொடுக்கும் விடயங்களை எடுப்பதுதான் பெரிய வேலை. ஒரு பெடியன், "எங்கட கோயில் பெருநாளுக்கு மற்ற நாள் அம்மா வழுக்கி விழுந்திட்டா" என்று எழுதினால், அக்கா அதைப் "போன மாதம்" என்று மாற்றுவார்.

"ஏனக்கா? அதில என்ன கிடக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பெருநாளைச் சொன்னால் கோயில் தெரியும். கோயில் தெரிஞ்சால் ஊர் தெரியும். அந்த ஊரில விழுந்த அம்மா எத்தினை பேர், சறோ?"

பின்னேரங்களில் கடையில் இருந்த மற்றக் கணினிகளுக்குப் பெடியங்கள் வருவார்கள். மட்டண்ணையைப்பற்றி மட்டண்ணைக்குக் கேட்கவே கதைப்பார்கள்.

"மனுசனுக்குப் பெண்சாதி இல்லைப்போல மச்சான். எந்நேரமும் களத்திலதான் நிக்குது."

"இருந்தாலும் அந்தாள் வீட்டிலயும் இப்பிடித்தான் வெட்டி ஒட்டுமாக்கும். அதுதான் மனுசி கதைக்கிறேல்லை."

"தம்பியவை, நேரம் முடியுது" என்று தட்டிக்குப் பின்னால் இருந்து அக்காவின் குரல் வரும். பிறகு அந்தப் பெடியங்கள் எழுதியதையே வாசித்துச் சம்மதம் கொடுப்பார். நான் கொப்பி மெசினின் மூடிக்குள் தலையை விட்டுச் சிரிப்பேன்.

ஒரு விடயத்தை மட்டும் அக்கா கவனித்தும் விட்டுவிட்டார். சொந்தப் பெயர் வேண்டாம், புனைபெயர் போடுங்கள் என்றதும் எங்கள் பிள்ளைகள் அநேகம் பேருக்கு உடனே வாயில் வந்தது தகப்பனின் மீன்பிடி வள்ளத்துப் பெயர்தான். சந்தியோகுமையோர், விடிவெள்ளி, நாகபூசணி என்று களம் ஒரு துறைமுகம் மாதிரி இருந்தது. நெடுந்தீவுப் பிள்ளைகள் மாட்டின் பெயரை வைத்தார்கள். அக்காவுக்கு அது விருப்பம். "பேராதனையில ஆருக்கு எங்கட வள்ளம் தெரியப்போகுது" என்றார்.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு விடுமுறைக்குச் சுமித்திரா கடைக்கு வந்தாள். எங்கள் கரையில் தொழில் செய்யும் செபமாலை அண்ணையின் மகள். முதல் வருடம். தூரத்துக் கம்பஸ் ஒன்றில் படித்தாள். மூலைக் கணினியில் இருந்து வெகுநேரம் தட்டினாள். நான் மின்விசிறியைத் திருப்பிவிடப் போனபோது திரையைக் கையால் மறைத்தாள். போகும்போது மிச்சக்காசு வாங்கவும் மறந்துபோனாள்.

தட்டிக்குப் பின்னால் அக்கா அதை வாசித்துக்கொண்டிருந்தார். மதலேனாள் என்ற தகப்பனின் வள்ளத்துப் பெயரில் வந்திருந்தது. சீனியர்மார் புதுப் பிள்ளைகளை வெயிலில் முழங்காலில் விட்டது, புத்தகங்களைக் கிணற்றில் போட்டது எல்லாம் இருந்தன. நடுவில் ஒரு வரி: "மீன் விற்கிற என்ர அம்மா மாதிரிக் கூவச் சொன்னார்கள். கூவினேன். இப்ப எல்லாரும் என்னைக் கூப்பிடுகிறது 'மீன்கூடை' எண்டு."

கம்பஸின் பெயரை அக்கா எடுத்தார். விடுதியின் பெயரை எடுத்தார். மீன்கூடை வரியையும் எடுத்தார். அதற்கு மட்டும் கை மெதுவாகப் போனது. மிச்சத்தை மதிலில் போட்டார். மதலேனாள் என்ற பெயர் அப்படியே இருந்தது.

அடுத்த நாள் ஒரு மறுமொழி வந்தது. சம்மதம் கொடுக்காதவரை அது வேறு ஒருவருக்கும் தெரியாது. "மதலேனாள் எந்தக் கரையில நிக்கிற வள்ளம் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். லீவு முடிஞ்சு வரட்டும். எங்கட பட்ச் பெடியங்களுக்கு நான் சொல்லுறன்." எழுதியவன் அனுசன், மண்டைதீவுப் பெடியன். அதே கம்பஸில் மூன்றாம் வருடம். அவனுடைய தகப்பன் அமலதாஸும் கடல்காரர்தான். கடலில் எதிர்ப்படும் வள்ளங்களைப் பெயரோடு அறிந்த வீடு.

"பேரைப் பாத்துக்கொண்டே விட்டிட்டன்" என்றார் அக்கா. தேத்தண்ணீர் ஆறிப்போய்க் கிடந்தது.

"அழிச்சுவிடுங்கோவன் அக்கா."

"அழிச்சால் அவள்தான் எண்டு நானே சொல்லிக்குடுத்த மாதிரி."

அன்றைக்கே சுமித்திராவின் தாய் கிறேசம்மா, கொழும்பில் இருக்கும் தன் தமையனுக்கு போன் எடுக்க வந்தார். எங்கள் கடையில் போன் பெட்டிக்குக் கதவு இல்லை.

"பிள்ளை இனிப் போகமாட்டன் எண்டு நிக்கிறாள் அண்ணை... காரணம் சொன்னால்தானே... பெட்டியை அலுமாரிக்கு மேல தூக்கி வச்சிட்டாள். எங்கட பரம்பரையிலயே படிக்கப் போனது இவள் ஒருத்தி..."

அவர் வைத்துவிட்டுப் போன பிறகு அக்கா ரிசீவரைத் துடைத்து வைத்தார். பிறகு தட்டிக்குப் பின்னால் போய் அனுசனுக்குத் தனிமடல் எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்தும் காட்டினார்.

"மதலேனாள் என்னுடைய வள்ளம். கதைக்க வேணுமெண்டால் ஊர்காவற்றுறைக் கடைக்கு வாரும். ஜெனீற்றா. மட்டுறுத்துநர்."

நான் கொப்பி மெசினை நிறுத்தினேன். "அக்கா, இவ்வளவு நாளும் ஒளிச்சு வச்சது?"

"ஓம். என்னைத்தானே ஒளிச்சு வச்சனான். அது என்ர பொருள். நான் எடுத்துக் குடுக்கலாம்."

அனுசன் ஒரு கூட்டாளியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். வாசலில் நின்று என்னைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் எட்டிப்பார்த்தான்.

"மட்டண்ணை எங்கை?"

"அண்ணை இல்லை. நான்தான். இரும்."

கூட்டாளி சிரித்தேவிட்டான். "டேய், உன்ர காதல் கவிதையெல்லாம் திருத்தினது இந்த அக்காவாம்."

அனுசனின் காது சிவந்தது. "நீ வாயை மூடடா." பிறகு அக்காவிடம், "அது செபமாலை அண்ணையின்ர வள்ளமல்லோ? எனக்கே கதை விடுறியள்?" என்றான்.

"இப்ப செபமாலை அண்ணையின்ர. கட்டினது என்ர அப்பா சில்வெஸ்ரர். நான் பிறந்த வருசம் சுவாமி வந்து மந்திரிச்சுப் பேர் வச்சது. அப்பாக்குக் கண் தெரியாமப் போக வித்தவர். வித்தாலும் பேர் மாத்துறேல்லை எண்டு உமக்குத் தெரியாதே? உங்கட வீட்டு வள்ளத்துக்கு ஆர் வச்ச பேர்?"

 அனுசன் வீட்டு வள்ளம் மாமன் வழியில் வந்தது என்பதும், பெயர் மாறவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். எங்கள் கரைகளில் பாதிரியார் மந்திரித்த பெயரை ஒருவரும் சுரண்டி அழிப்பதில்லை. பெயர் மாறினால் கடலுக்கு அந்த வள்ளத்தை அடையாளம் தெரியாது என்பார்கள்.

"கடையில இருக்கிற நீங்கள் கம்பஸ் வாசலே மிதிச்சிருக்கமாட்டியள்; பிறகு எப்பிடி றாகிங்கைப் பற்றி எழுதினனீங்கள்?"

"ரெண்டு வருசமா எல்லாரும் எழுதுறியள், நான் வாசிக்கிறன். முதல் வருசத்தில நீரும் எழுதினனீர். புத்தகத்தைக் கிணத்தில போட்டவங்கள் எண்டு. அதையும் நான்தான் ஊர்பேர் எடுத்துப் போட்டனான்."

கூட்டாளி அனுசனைத் திரும்பிப் பார்த்தான். அனுசன் மேசையில் கிடந்த பசைப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினான், திரும்ப வைத்தான்.

"நாங்களும் வாங்கிக்கட்டினனாங்கள் அக்கா. அது பழகிறதுக்கு."

"நான் அதைக் கேக்கேல்லை."

"இதை நான் களத்தில எழுதுவன். மட்டண்ணை ஆரெண்டு எல்லாருக்கும் சொல்லுவன்."

"எழுதும். சம்மதம் குடுக்கிறன்."

அவன் அன்றைக்கே எழுதினான். மதலேனாளும் மட்டண்ணையும் ஒரே ஆள், ஊர்காவற்றுறையில் கொமினிக்கேசன் வைத்திருக்கும் ஜெனீற்றா, கம்பஸே போகாதவர் என்று எல்லாம் இருந்தது. அக்கா ஓர் எழுத்தும் மாற்றாமல் மதிலில் போட்டார். கீழே, "ஓம், நான்தான்" என்று தன் சொந்தப் பெயரில் எழுதினார்.

அதன்பிறகு ஒரு கிழமை கடைப்பக்கம் பெடியங்கள் வரவில்லை. வந்த ஒருவன் கொப்பி எடுக்கும் சாட்டில் தட்டிக்குப் பின்னால் எட்டிப்பார்த்துவிட்டுப் போனான். பலர் களத்தில் தங்கள் பழைய பதிவுகளை அழிக்கும்படி கேட்டார்கள். அக்கா கேட்டவர்களுடையதை எல்லாம் அழித்தார். சந்தியோகுமையோர் போனது. விடிவெள்ளி போனது. மாடுகளும் போயின. களம் வெறிச்சோடிக்கொண்டே வந்தது. அடுத்த வருடம் மறுபடி சண்டை தொடங்கிப் பாதை மூடி, போன்களும் அறுந்தபோது சோளகத்தில் எழுத அநேகமாக ஒருவரும் மிஞ்சியிருக்கவில்லை. கடையும் மூடியது. அக்கா கலியாணம் செய்து மன்னாருக்குப் போனார். இவற்றையெல்லாம் நான் எழுதும்போது அந்தக் கணினி எங்கே என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தப் பின்னேரங்கள் போல ஒரு கலகலப்பை நான் பிறகு எந்த வேலையிலும் காணவில்லை.

ஆனால் விடுமுறை முடிந்த அந்தத் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். காலையில் கிறேசம்மா கடைக்குள் ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பிள்ளை, ஒரு கோல் எடுத்துத் தா. அண்ணைக்குச் சொல்லவேணும். வெளிக்கிட்டிட்டாள்! நேற்று ஆரோ கூட்டாளிப் பிள்ளை வந்து களத்தில என்னவோ கிடக்கெண்டு சொல்லிப்போட்டுப் போனவள், ராத்திரி இவள் தானாப் பெட்டியை இறக்கினவள். இப்பத்தான் பஸ் ஏத்திவிட்டிட்டு வாறன்."

"நல்லது அம்மா" என்று இலக்கத்தை அழுத்திக் கொடுத்தார் அக்கா. வேறொன்றும் கேட்கவில்லை.

கிறேசம்மா போன பிறகு கீச்சுச் சத்தம் கேட்டது. களத்தில் புதிதாகப் பதிவுகள் வந்து காத்திருந்தன. எல்லாம் அக்காவைத் திட்டி எழுதியவை. 'எங்கட மனசை வாசிச்சுச் சிரிச்சிருக்கிறாள்' என்று ஒன்று. 'படிக்காதவள் எங்களுக்குச் சட்டம் போட்டாளாம்' என்று ஒன்று. அக்கா ஒவ்வொன்றாக வாசித்து, ஒவ்வொன்றுக்கும் சம்மதம் கொடுத்தார். நீளமான ஒன்றில் மட்டும் கை நின்றது. 'மீன்கூடைக்கு வக்காலத்து வாங்க வந்தவள்' என்று நடுவில் ஒரு வரி. அந்த வரியை மாத்திரம் எடுத்தார். அதற்கு மேலேயும் கீழேயும் தன்னைப்பற்றி இருந்த வசவுகளை அப்படியே மதிலில் போட்டார்.