அறுந்த கம்பியில் வந்த ஆட்டம்

தை மாதக் கடைசி, ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரை மணிக்குத் தஞ்சாவூரை விட்டுக் கிளம்பினோம். முந்தின இரவு வல்லம் பக்கத்தில் ஒரு தோட்ட விடுதியின் வளாகத்தில் தங்கியிருந்தோம். வண்டி நிறுத்த இடம், மின்சாரம், தண்ணீர் எல்லாம் சேர்த்து எழுநூறு ரூபாய். வண்டி என்று நான் சொல்வது எங்கள் ஜீப்பையும், அதன் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துவரும் சின்னக் கேரவனையும் சேர்த்து. உள்ளே ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு, கையலம்பத் தொட்டி, சின்னக் கழிவறை, இருபத்துநான்கு அங்குல டிவி. கூரையில் மடித்துப் படுக்கவைக்கும் டிஷ். பேட்டரி இருப்பதால் மின்சாரம் இல்லாத இடத்திலும் நான்கைந்து மணி நேரம் எல்லாம் ஓடும். கோயம்புத்தூரில் சொல்லிச் செய்தது. ஓய்வு பெற்ற பிறகு கடற்கரை கடற்கரையாகப் போய்த் தங்க வேண்டும் என்பது என் கணவர் ராமநாதனின் ஆசை. கழிவறை வசதியாக இருந்தால் நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அன்றைய திட்டம் எளிமையானது. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக வேளாங்கண்ணி. நூறு கிலோமீட்டர் சொச்சம். மதியச் சாப்பாடே கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம் என்று இவர் கணக்குப் போட்டிருந்தார்.

வடுவூர் ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றோம். அரிவாள்மூக்கன் பறவைகள் நூற்றுக்கணக்கில் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. மன்னார்குடியில் பொங்கலும் வடையும். இரண்டு பேருக்கு நூற்றிருபது ரூபாய். ஊரைத் தாண்டியதும் சாலையின் இரு பக்கமும் சம்பா அறுப்பு மும்முரமாக இருந்தது. பாதி வயல் பொன்னிறமாக நிற்க, மீதிப் பாதி மொட்டையாகக் கிடந்தது. கொள்முதல் நிலைய வாசல்களில் நெல் அம்பாரம் அம்பாரமாகக் குவிந்திருந்தது. எதிரே வந்த லாரிகளில் பாதி, முதுகில் அறுவடை இயந்திரத்தைச் சுமந்து வந்தன. கேரவனை இழுத்துக்கொண்டு அவற்றுக்கு வழி விடுவது சாதாரண வேலையில்லை. இவர் ஒவ்வொரு முறையும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

கோட்டூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் கீழநெடுங்கரை என்ற சிற்றூர். சாலையோரம் பதினைந்து இருபது வீடுகள். எங்களுக்கு முன்னால் போன லாரியின் மேலிருந்த அறுவடை இயந்திரம், சாலைக்குக் குறுக்கே தொங்கிய கேபிள் டிவி கம்பியை மாட்டி இழுத்துவிட்டது. கம்பி அறுந்தது. அறுவதற்கு முன்னால் அதைக் கட்டியிருந்த மின்கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. மின்கம்பிகள் சாலையில் விழுந்தன. இவர் பிரேக்கை அழுத்தியதில் உள்ளே பாத்திரங்கள் எல்லாம் உருண்டன.

யாருக்கும் அடிபடவில்லை. லைன்மேன் வந்து டிரான்ஸ்ஃபார்மரில் மின்சாரத்தை நிறுத்தினார். "கம்பம் மாத்தணும் சார். மன்னார்குடியிலேருந்து கிரேன் வரணும். சாயங்காலம் ஆவும்" என்றார். கேரவனைத் திருப்ப அந்தச் சாலையில் இடமில்லை. பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர் தன் களத்தில் ஓரங்கட்டச் சொன்னார். அவர் பெயர் காத்தமுத்து. ஒன்றரை ஏக்கர் சொந்தம், மூன்று ஏக்கர் குத்தகை. அவர் மனைவி வசந்தா எங்களுக்கு மோர் கொண்டுவந்தார். சொம்பை என் கையில் கொடுத்தாரே தவிர, பார்வை எங்கள் கூரை மேலேயே இருந்தது.

"அக்கா, அது டிஷ்ஷா?"

"ஆமாங்க."

"அப்ப டிவி இருக்கா உள்ள?"

இருக்கிறது என்றதும் அவர் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர்கள் மகள் இளவரசி கல்லூரிக் காலத்தில் கபடி வீராங்கனை. முழங்கால் தசைநார் கிழிந்து ஆட்டம் நின்றுபோனது. பெண் சும்மா உட்காரவில்லை. நடுவர் தேர்வு எழுதினாள். மாவட்டம், மாநிலம் என்று ஏறி, அன்று மாலை நான்கு மணிக்கு வடக்கே ஓர் ஊரில் நடக்கும் தேசியப் பெண்கள் இறுதிப் போட்டியில் நடுவராக நிற்கப் போகிறாள். இறுதிப் போட்டியை மட்டும் அரசு விளையாட்டுச் சானலில் நேரடியாகக் காட்டுகிறார்கள். இப்போது தெருவில் கேபிளும் இல்லை, கரண்ட்டும் இல்லை. செல்போனில் படம் சுற்றிக்கொண்டே நின்றது.

"அவ ஆடுனப்ப நான் ஒரு தடவகூடப் பாத்ததில்லக்கா" என்றார் வசந்தா. "மேட்ச்சுன்னு சொல்ற அன்னிக்குத்தான் நடவு இருக்கும், இல்லன்னா களை இருக்கும். இவரு மட்டும் பாக்கப் போயிருவாரு. இன்னிக்குன்னு அறுப்புக்கு ஆளுங்கள வேணாம்னுட்டு ஒக்காந்திருக்கேன்."

"நாலு மணிக்கு எல்லாரும் வந்துருங்க. நம்ம டிவியிலயே பாத்துரலாம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன்.

அந்தப் பெருமை பத்து நிமிடம் நீடித்தது. டிஷ்ஷை நிமிர்த்தி, டிவியைப் போட்டேன். நீலத் திரை. 'சிக்னல் இல்லை.'

நான் முப்பத்துநான்கு வருடம் தொலைபேசித் துறையில் லைன் பழுது பார்த்தவள். அந்த இரண்டு வார்த்தைக்கெல்லாம் பயப்படும் ஆள் இல்லை. டிஷ் தென்கிழக்கைப் பார்க்க வேண்டும். போனில் திசைகாட்டியை வைத்துத் திருப்பினேன். ஒன்றும் இல்லை. செட்டாப் பாக்ஸின் பின்னால் கம்பி சொருகும் இடத்தைக் கழற்றித் துடைத்து முறுக்கினேன். ஒன்றும் இல்லை. ஏணி போட்டு மேலே ஏறி, டிஷ்ஷின் முன்னால் மூக்கு போல நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி.யில் பழைய முனையை வெட்டிவிட்டுப் புது முனை போட்டேன். அப்போதும் திரையில் வலு, தரம் இரண்டுமே பூஜ்யம். காத்தமுத்து கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைப் பார்க்க எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இவர் சொன்னார். எனக்கு இறங்கவில்லை. வசந்தா மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார். முத்துப்பேட்டை மீன் என்று இவர் ரசித்துச் சாப்பிட, நான் பழுதையே யோசித்துக்கொண்டிருந்தேன். டிஷ் நன்றாக இருக்கலாம், பாக்ஸும் நன்றாக இருக்கலாம், நடுவில் ஓடும் கம்பி செத்திருந்தால்? அந்தக் கம்பி கூரையிலிருந்து இறங்கிச் சுவருக்குள் மறைந்து டிவி அலமாரிக்கு வருகிறது. இரண்டு முனையையும் கழற்றிவிட்டு மீட்டரை வைத்தேன். உள்ளே ஓடும் செம்புக் கம்பியும் அதைச் சுற்றியிருக்கும் வலையும் ஒன்றையொன்று தொடக் கூடாது. தொட்டால் மீட்டர் கத்தும். கத்தியது.

"சுவருக்குள்ளதாங்க ஷார்ட். போன வாரம் பல்லடத்துல நல்லா ஓடுச்சு. அதுக்கப்புறம் என்ன செஞ்சோம்?"

இவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. மெதுவாகத் தலையைத் தூக்கி எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே நேற்று தஞ்சாவூரில் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் கொடுத்து வாங்கிய கலைத்தட்டு தகதகவென்று தொங்கியது. ராத்திரியே மாட்ட வேண்டும் என்று டிரில் மெஷினை எடுத்து இவரேதான் மாட்டினார்.

"ஒரே ஒரு திருகுதான் போட்டேன், சரோஜா."

"நீளமா?"

"கீழ விழக் கூடாதுன்னு கொஞ்சம் நீளமா."

திருகைக் கழற்றினேன். அதன் நுனியில் செம்புத் துணுக்கு ஒட்டியிருந்தது. கம்பியின் நெஞ்சிலேயே இறக்கியிருக்கிறார். நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தும் சுவருக்குள் கம்பி ஓடும் என்று இவருக்குத் தோன்றவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பழுது அகப்பட்ட சந்தோஷத்தில் சிரிப்புதான் வந்தது. நான் சிரித்ததும் இவரும் தைரியமாக அடுத்த கவளத்தை எடுத்தார்.

ஆனால் திருகை எடுத்துவிட்டால் அறுந்தது ஒட்டிக்கொள்ளாது. புதுக் கம்பி வேண்டும். என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டு மீட்டர். தேவை ஏழெட்டு மீட்டர். திருத்துறைப்பூண்டிக்குப் போய் வாங்கலாம் என்றால் சாலை அடைத்துக் கிடக்கிறது. பைக்கில் சுற்றிப் போய்த் திரும்ப நேரம் போதாது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது. அதற்குள் வாசலில் நெல் காயவைக்கும் தார்பாயை விரித்து இருபது பேர் உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் கேரவன் படியில் நின்று சாலையைப் பார்த்தேன். சாய்ந்த கம்பத்தின் கீழே கறுப்பாகச் சுருண்டு கிடந்தது, அறுந்துபோன கேபிள் டிவி கம்பி. எனக்கு வேண்டியதும் அதே ரகக் கம்பிதான்.

அந்தப் பகுதியின் கேபிள்காரர் பைக்கில் வந்து, நஷ்டத்தைப் பார்த்துக்கொண்டு சோகமாக நின்றிருந்தார். போய்க் கேட்டேன்.

"அண்ணே, இதுல பத்து மீட்டர் வெட்டிக்கலாமா?"

"எடுத்துக்குங்கம்மா. எப்படியும் புதுசுதான் இழுக்கணும். எதுக்கு?"

சொன்னேன். அவர் லைன்மேனிடம் இன்னொரு முறை கேட்டு, மின்சாரம் நின்றிருப்பதை உறுதிசெய்துகொண்டார். பிறகுதான் தன் பையிலிருந்து கத்தியை எடுத்து அவரே வெட்டினார். அடிபடாத நீளமாகப் பார்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, "நம்ம இளவரசிக்கா? அப்ப நானும் இருந்து பாத்துட்டே போறேன்" என்று கூடவே வந்தார்.

கம்பியைக் கூரையிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே விட்டோம். இரண்டு முனையும் நானே போட்டேன். டிவியைப் போட்டதும் வலு எழுபது என்று காட்டியது. தரம் மட்டும் பூஜ்யம். அப்படியென்றால் இனி கம்பியில் குறை இல்லை. டிஷ் சரியான இடத்தைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான் கூரை மேல். இவர் உள்ளே திரையைப் பார்த்து எண்ணைச் சொல்ல, வாசலில் நின்ற வசந்தா அதை வாங்கிக் கத்த, ஏணியடியில் நின்ற காத்தமுத்து மறுபடி எனக்குக் கத்தினார். காற்றும் டிராக்டர் சத்தமுமாக இருந்ததால் அப்படி.

"பூஜ்யம்!"

"பூஜ்யமாம்க்கா!"

"பூஜ்யங்கம்மா!"

நகக்கண் அளவு திருப்பினேன். பூஜ்யம். கொஞ்சம் தாழ்த்தினேன். பூஜ்யம். கீழே யாரோ, ஆரம்பித்திருப்பார்கள் என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது. கை வியர்த்து வழுக்கியது. புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு டிஷ்ஷை இன்னும் ஒரு மயிரிழை கிழக்கே தள்ளினேன்.

"பன்னெண்டு!"

"பன்னெண்டு வந்துருச்சுக்கா!"

"முப்பது! நாப்பத்தஞ்சு! விடாத!"

"அறுவத்தெட்டு!" என்று வசந்தா கத்தியபோது அதை எனக்குச் சொல்ல வேண்டிய காத்தமுத்து சொல்லவில்லை. ஏணியை விட்டுவிட்டு டிவியைப் பார்க்க ஓடிவிட்டார். நட்டை முறுக்கிவிட்டு நானே இறங்கினேன்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்திருந்தார் இவர். பச்சை உடையில் ஒரு அணி, சிவப்பு உடையில் ஒரு அணி. தார்பாயில் இருந்த யார் கண்ணிலும் அவர்கள் படவே இல்லை. நடுக்கோட்டின் ஓரத்தில் விசிலைக் கடித்துக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, ஒல்லியாக ஒரு பெண் நின்றாள்.

"அந்தா! அந்தா நிக்கிறா!"

அவள் விசில் ஊதியபோதெல்லாம் கைதட்டினார்கள். பச்சைக்குப் புள்ளி கொடுத்தாலும் கைதட்டல், சிவப்புக்குக் கொடுத்தாலும் கைதட்டல். எந்த அணி முன்னால் இருக்கிறது என்று இவர் கேட்டார். பதில் சொல்ல ஒருவருக்கும் தெரியவில்லை.

கடைசி நிமிடம். சிவப்பு அணிப் பெண் ஒருத்தி எதிர்ப்பக்கம் பாடிப்போனாள். மூன்று பேர் அவளை இடுப்போடு பிடித்துச் சாய்த்தார்கள். அவள் விழுந்தபடியே நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினாள். விரல் கோட்டில் பட்டதா இல்லையா? இளவரசி விசில் ஊதிக் கையை உயர்த்தினாள். பிடிபட்டாள், அவுட். சிவப்பு அணி முழுவதும் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. தலைவி முகத்துக்கு நேரே கையை நீட்டிப் பேசினாள். இளவரசி ஓர் அடிகூடப் பின்வாங்கவில்லை. மேல்முறையீடு போனது. வசந்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியில் வளையல் அழுந்தியது.

திரையில் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டினார்கள். விரல் நீண்டு, நீண்டு, கோட்டுக்கு ஓர் அங்குலம் முன்னால் நின்றது.

நடுவர் சொன்னதே சரி என்று அறிவித்தார்கள். கீழநெடுங்கரை எழுந்து நின்றது. கேபிள்காரர் விசிலடித்தார். காத்தமுத்து துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். கம்பம் நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடக் கடப்பாறையைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னவென்று கேட்டார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து வசந்தாவின் போன் அடித்தது. எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தார்.

"அம்மா, கரண்ட் இருந்துச்சா? பாத்தியா?"

"பாத்தேன். ஒருத்தி ஒன் மூஞ்சிக்கு நேரா கைய நீட்டிக் கத்துனாளே, நீ ஏன் ஒண்ணும் சொல்லாம நின்ன?"

"நடுவர் பதில் பேசக் கூடாதும்மா."

"அதான் நான் பேசிட்டேன். இங்கேருந்தே நல்லாக் குடுத்துட்டேன் அவளுக்கு."

புதுக் கம்பம் நின்று சாலை திறந்தபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. புறப்படும்போது வசந்தா அரை மூட்டை புது அரிசியை ஏற்றிவிட்டார். வேண்டாம் என்றதை அவர் காதில் வாங்கவில்லை. திருத்துறைப்பூண்டியைத் தாண்டிக் கிழக்கே திரும்பியதும் காற்றில் உப்பு வாடை வந்தது. இவர் களைத்துப்போய் மெதுவாக ஓட்டினார்.

வேலையில் இருந்த காலம் முழுக்க, பழுதை நீக்கியதும் ரிசீவரை எடுத்து ஒரு ஹலோ சொல்லிப் பார்ப்பேன். லைன் சரியாகிவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவேன். அந்தக் கம்பியில் பிறகு யார் யாரிடம் என்ன பேசினார்கள், எந்த நல்ல செய்தி எந்த வீட்டுக்குப் போனது என்று ஒரு நாளும் எனக்குத் தெரிந்ததில்லை. தெரிந்துகொள்ள நேரமும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் நான் போட்ட கம்பியின் மறுமுனையில் நானும் உட்கார்ந்திருந்தேன், தார்பாயில், வசந்தாவுக்குப் பக்கத்தில். என் மணிக்கட்டில் அவர் விரல் பதிந்த சிவப்பு, வேளாங்கண்ணி வரும்வரை மறையவில்லை.